முதலில் நடைபாதை, அப்புறம் சாலை

மலைமேல் இருக்கும் சிற்றூர்களின் நகரமன்றத் தலைவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பனி அகற்றும் வேலையைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

பெரிதாகப் பனி கொட்டி ஓய்ந்ததும் மன்றத்திலிருந்து ஓர் அறிவிப்பு வரும். எல்லாச் சாலைகளும் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டன என்று அதில் இருக்கும். பொய் இல்லை, வண்டிகள் ஓடத்தான் செய்கின்றன. ஆனால் அதே சாலையோரம் கோலூன்றிக்கொண்டு மருந்து வாங்கப் போகிற பெரியவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிற தாய், பையைச் சுமந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, இவர்களெல்லாம் எதன்மேல் நடந்தார்கள் என்று எந்த அறிவிப்பிலும் நான் படித்ததில்லை.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். பனி விழுந்த காலையில் நடைபாதையை முதலில் சுத்தம் செய்யுங்கள். ஊரை வெளியுலகத்தோடு இணைக்கும் முதன்மைச் சாலையை அதோடு சேர்த்து முதல் வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் தகராறு இல்லை. மற்றத் தெருக்களில் கார்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

நடைபாதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பனி தள்ளும் வண்டி பனியை ஊரைவிட்டு வெளியேற்றுவதில்லை. சாலை நடுவிலிருந்து எடுத்து ஓரத்தில் போடுகிறது. அந்த ஓரம்தான் நடைபாதை. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். குழந்தைகூட எட்டி உதைத்துவிட்டுப் போகலாம். அதே பனியை வண்டி வழித்துக் குவித்து, சாலைச் சேறும் கலந்து, பகல் வெயிலில் கொஞ்சம் உருகி, இரவுக் குளிரில் மறுபடி இறுகினால் கன மீட்டருக்கு 400, 500 கிலோ வரை போகும். அதாவது, நடந்துவிடக்கூடிய பனியை எடுத்து நடக்க முடியாத சுவராக்கி, நடப்பவர்களின் வழியிலேயே நிறுத்திவைக்கிறோம். நகராட்சி செலவில்.

அப்புறம் அந்தச் சுவரை யார் உடைப்பது? பல ஊர்களில் சட்டம் தெளிவாக இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதை வீட்டுக்காரர் பொறுப்பு. கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் சிறிய மலையூர்களில் குளிர்காலம் முழுவதும் தங்கியிருப்பது யார்? இளையவர்களில் பலர் வேலைக்கும் படிப்புக்கும் கீழே இறங்கிவிடுகிறார்கள். மீந்திருப்பவர்களில் கணிசமானவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். விடிகாலைக் குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்த அழுத்தம் ஏறி இருக்கும் நேரத்தில், மண்வாரியால் ஈரப்பனியை அள்ளி வீசுவது இதயத்துக்கு எவ்வளவு பெரிய சுமை என்று எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். ஜப்பானில் 2005-06 குளிர்காலத்தில் கடும்பனியால் 152 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பனிச்சரிவில் சிக்கியவர்கள் அல்லர். கூரையிலும் வாசலிலும் பனி அள்ளிக்கொண்டிருந்தவர்கள், அதிலும் பெரும்பகுதி முதியவர்கள். அந்த வயதில் இருக்கிற ஒருவருக்கு, உன் வாசலை நீயே பார்த்துக்கொள், இல்லாவிட்டால் அபராதம் என்று நோட்டீஸ் அனுப்புவதை நிர்வாகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதே ஜப்பானில், நீகாத்தா மாநிலத்துத் தகாதா என்ற ஊரில், வேறொரு ஏற்பாடு பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. இன்று அது ஜோயெத்சு நகரத்தின் ஒரு பகுதி. உலகத்திலேயே மிக அதிகமாகப் பனி பெய்யும் ஊர்களில் ஒன்று. அங்கே பழைய தெருக்களில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டின் முன்கூரையைத் தெருப்பக்கம் நீட்டிவிட்டிருக்கிறார். 'கங்கி' என்று பெயர். பக்கத்து வீட்டு நீட்டலோடு அது ஒட்டி, அதற்கடுத்த வீட்டோடும் ஒட்டி, தெரு நெடுக ஒரே தாழ்வாரமாகிவிடுகிறது. மேலே ஆள் உயரத்துக்குமேல் பனி குவிந்து கிடந்தாலும் அடியில் ஊர் நடமாடும். அப்படிப்பட்ட பாதைகள் அந்த ஊரில் மொத்தம் 10 கிலோமீட்டருக்கும் மேல் உண்டு. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்தத் தாழ்வாரத்துக்கு அடியிலுள்ள நிலம் பொதுவாக வீட்டுக்காரருடையது என்பதுதான். சொந்த நிலத்தை, சொந்தச் செலவில் கூரை போட்டு, யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். இதுவும் வீட்டுக்காரர் பொறுப்புதான். ஆனால் உடம்பில் வலு இருக்கும்போது, வெயில் காலத்தில், ஒரு முறை கட்டி முடிக்கிற பொறுப்பு. எழுபது வயதில் இருட்டோடு எழுந்து மண்வாரியைத் தூக்கச் சொல்லும் பொறுப்பு வேறு ரகம்.

புதிதாகக் கடைத்தெரு அமைக்கும்போதாவது, பழைய கட்டடத்துக்குத் திருத்த அனுமதி கொடுக்கும்போதாவது, இப்படி ஒரு முன்கூரைக்கு விதிகளில் இடம் விடுங்கள். நடைபாதைமேல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி இடிக்கச் சொல்லாதீர்கள். கூரையின் நுனி நடைபாதையின் வெளி ஓரத்தையும் தாண்டி இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். உள்ளே நின்றால் உருகும் நீரெல்லாம் சரியாக நடப்பவர் காலடியில் சொட்டி, இரவில் கண்ணாடியாக உறையும். கூரையை நீட்டிவிட்டு நீர் போக வடிகால் வைக்காத கட்டடங்கள் எத்தனை என்று எண்ணவே முடியாது.

சரி, வண்டிகளை நிறுத்திவைத்தால் ஆம்புலன்ஸ் எப்படி வரும், தீயணைப்பு வண்டி எப்படி வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் முதன்மைச் சாலையை முதல் வரிசையில் வைக்கச் சொன்னேன். ஆனால் ஆம்புலன்ஸ் வாசற்படிக்கு வராது, தெருவில்தான் நிற்கும். தெருவுக்கும் வாசலுக்கும் நடுவில் ஸ்ட்ரெச்சரை இரண்டு பேர் கையில்தான் தூக்கி வர வேண்டும். அந்தக் கொஞ்ச தூரம் பனிச்சுவராகவும் வழுக்குப் பாறையாகவும் இருந்தால் ஆம்புலன்ஸ் ஐந்து நிமிடம் முன்னால் வந்து என்ன பயன்? தெருவோரத் தீயணைப்புக் குழாய்கள் புதைந்து கிடப்பதும் இதே பனிச்சுவருக்கு அடியில்தான்.

ஆஸ்திரியாவின் கால்டூர் ஊரில் 1999 பிப்ரவரி 23 அன்று நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பல நாளாகப் பனி கொட்டி, ஊருக்கு வரும் ஒரே சாலை மூடிக் கிடந்தது. ஊர்க்காரர்களோடு சுற்றுலா வந்தவர்களும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாலையில் பனிச்சரிவு ஊருக்குள் புகுந்தது. பாதுகாப்பானது என்று வரைபடத்தில் பச்சை நிறத்தில் குறித்திருந்த பகுதிவரை வந்து வீடுகளை உடைத்தது. 31 பேர் இறந்தார்கள். மோசமான வானிலையில் ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை, வெளி உதவி வந்து சேர மறுநாள் ஆனது. அதுவரை தோண்டியவர்கள் அண்டை வீட்டுக்காரர்களும் விடுதிகளில் தங்கியிருந்தவர்களும்தான். பனிக்குள் முழுவதும் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்துக்குப் பிறகு மளமளவென்று சரியும். அந்தக் கால் மணி நேரத்துக்குள் எந்தச் சாலை வழியாகவும் எந்த வண்டியும் வந்து சேரப்போவதில்லை. நடந்து வந்து சேரக்கூடிய ஆள்தான் உதவி. கால்டூர் அதன்பிறகு பெரிய தடுப்புச் சுவர் கட்டியது, ஆபத்துப் பகுதிகளைத் திருத்தி வரைந்தது. அவை வேண்டியவைதான். நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது இன்னும் சின்ன விஷயம். சாலை மூடிய நாளில் ஒரு மலையூர் என்பது அதன் நடைபாதைகள் மட்டுமே.

சாலையைத் திறந்துவைப்பதே வெற்றி என்று நினைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2022 ஜனவரி 7, 8 தேதிகளில் பாகிஸ்தானின் மரி மலையூரில், பனி பார்க்க வந்தவர்களின் வண்டிகள் ஆயிரக்கணக்கில் மலைச்சாலையில் சிக்கிக்கொண்டன. இருபதுக்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகள் உட்பட, தங்கள் கார்களுக்குள்ளேயே இறந்தார்கள். குளிருக்குப் பயந்து எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புகைக்குழாய் வாயைப் பனி மூடியதும் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, தூக்கம் வருவதுபோலத்தான் இருக்கும். கடும்பனி வரப்போகிறது என்ற முன்னறிவிப்பு இருந்தும் அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்தாததுதான் அந்தச் சம்பவத்தில் எழுந்த பெரிய குற்றச்சாட்டு. மலையூர் நிர்வாகத்துக்கு வண்டிகளைத் திருப்பி அனுப்பும் துணிச்சலும் வேண்டும். அறை வாடகை நட்டமாகுமே என்று யோசிக்கிற மன்ற உறுப்பினர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இதைவிட வலுவான பதில் இல்லை.

நடைபாதையை முதலில் சுத்தம் செய்வது புதுப் பைத்தியக்காரத்தனம் ஒன்றுமில்லை. சுவீடனில் கார்ல்ஸ்கூகா என்ற நகரம் இதைச் செய்து பார்த்தது. மலையூர் அல்ல, ஆனால் பனிக்குப் பஞ்சமில்லாத ஊர். பெருஞ்சாலைகளிலிருந்து தொடங்கிய பழைய வரிசையை மாற்றி, மழலையர் பள்ளிகளுக்குப் போகும் வழிகளையும், நடப்பவர்களும் சைக்கிளில் வருபவர்களும் போகும் பாதைகளையும் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். காரணம் எளிது. பத்து சென்டிமீட்டர் பனியில் காரை ஓட்டிவிடலாம், குழந்தையின் தள்ளுவண்டியையோ சக்கர நாற்காலியையோ தள்ள முடியாது. பனிக்காலத்தில் வழுக்கி விழுந்து எலும்பை முறித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் நடப்பவர்கள்தான், அந்தச் செலவும் பொதுப் பணத்திலிருந்துதான் போகிறது.

இதைச் சொன்னால் ஸ்டாக்ஹோமைச் சுட்டிக்காட்டுவீர்கள். ஆமாம், அங்கேயும் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். 2016 நவம்பரில் ஒரே நாளில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் பனி கொட்டி நகரம் திணறியது. நடைபாதைக்கு முன்னுரிமை கொடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று பலர் கேலி செய்தார்கள். அந்தத் தேதிக்கு அவ்வளவு பனி எந்த முறையில் வாரினாலும் எந்த நகரத்தையும் நிறுத்தியிருக்கும் என்பது என் எண்ணம். ஆனாலும் அந்தக் கேலியில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பட்டியலில் வரிசையை மாற்றி எழுதினால் மட்டும் பாதை சுத்தமாகிவிடாது. நடைபாதைக்குள் நுழையக்கூடிய சின்ன வண்டி வேண்டும், படிக்கட்டுகளைக் கையால் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். மலையூரில் பாதி வழி படிக்கட்டுதான். எந்த இயந்திரமும் அங்கே ஏறாது.

ஆளும் பணமும் குறைவு என்றால் இரண்டு பக்கத்தையும் அரைகுறையாகச் செய்ய வேண்டாம். ஒரு பக்க நடைபாதையை முழுமையாகச் செய்யுங்கள், வெயில் படுகிற பக்கமாகப் பார்த்து. தரை தெரிகிற அளவுக்குச் சுத்தம் செய்துவிட்டால் மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். கருத்த தரை வெப்பத்தை உறிஞ்சும், வெண்பனி திருப்பி அனுப்பிவிடும். நிழல் விழுகிற வளைவுகள், பாலங்கள், பள்ளத்தாக்கின் அடியில் ஓடைக்கு அருகில் வரும் தெருக்கள், இவற்றை மட்டும் தனியாகக் குறித்துவைத்து மணல் போடுங்கள். குளிர்ந்த காற்று கனமானது. காற்றில்லாத தெளிந்த இரவில் சரிவுகளிலிருந்து இறங்கி அடியில் வந்து தேங்கும். மலைமேலே ஏற ஏறக் குளிர் கூடும், 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி என்ற பாடப்புத்தகக் கணக்கு அந்த இரவுகளில் தலைகீழாகும். அதனால் ஊர் நடுவில் மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஓடையோரத் தெருவில் அந்நேரம் கண்ணாடிப் பனி பிடித்திருக்கும். குளிர் மிகவும் இறங்குவது விடியும் சமயத்தில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிளம்புவது அதற்குக் கொஞ்ச நேரத்தில். வேலையாட்களை ஏழு மணிக்கு வரச் சொல்வதில் அர்த்தமில்லை.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண உப்பு பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரி தாண்டினால் பெரிதாக வேலை செய்யாது. பகலில் உருக்கிவிட்டதை இரவு மறுபடி உறையவைக்கும். மலையூர் இருப்பது ஆற்றின் தலைமாட்டில், நாம் கொட்டுகிற உப்பு கீழே இருக்கிற அத்தனை பேர் தண்ணீருக்கும் போகும். மணலும் சிறு சல்லியும் எந்தக் குளிரிலும் பிடிமானம் தரும். பனி போனபின் கூட்டி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாதை சுத்தமானால் எங்கே போவது என்பதும் இருக்கிறது. நார்வேயில் ரூக்கான் என்ற ஊர் ஆழமான பள்ளத்தாக்கில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை அங்கே நேரடி வெயில் விழாது. ஊருக்கு வேலை கொடுத்த நிறுவனமான நோர்ஸ்க் ஹைட்ரோ, மக்கள் மேலே போய் வெயில் பார்த்துவிட்டு வரட்டும் என்று 1928-ல் ஒரு கம்பிவடப் பாதை கட்டிக்கொடுத்தது. 2013-ல் மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தினார்கள். கணினி அவற்றைச் சூரியனோடு திருப்பி, வெளிச்சத்தை ஊர்ச் சதுக்கத்தில் விழவைக்கிறது. வீண் செலவு என்று ஊருக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. கண்ணாடிகள் வந்தபின் அந்த ஒளி வட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆள் வந்தார்கள். அந்த வெளிச்சத்தை அவர்கள் எந்தச் சாலைமேலும் விழவைக்கவில்லை, ஆட்கள் கூடி நிற்கும் இடத்தில் விழவைத்தார்கள். உங்களைக் கண்ணாடி வாங்கச் சொல்லவில்லை. நூலகமோ பள்ளிக்கூட மண்டபமோ, ஏதாவது ஓர் அறையைக் குளிர்காலத்தில் சூடேற்றித் திறந்துவையுங்கள். மின்சாரம் போன இரவில் அதற்கு மட்டுமாவது ஒரு ஜெனரேட்டர் இருக்கட்டும். வீட்டுக்குள் கரி அடுப்பை மூட்டிக் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் அங்கே வந்து உட்காரலாம். முதலில் சுத்தம் செய்ய வேண்டிய நடைபாதை எது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். அந்த அறைக்குப் போகும் பாதை, மருந்தகத்துக்கும் பள்ளிக்கும் போகும் பாதை, பேருந்து நிற்கும் இடம்.

தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் ஒன்று வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இருந்தால் நல்லதுதான். ஆனால் பட்டியல் அலமாரியில் இருக்கும். பாதை திறந்திருந்தால் இரண்டு நாளாக ஆளைக் காணோமே என்று அடுத்த வீட்டுக்காரரே போய்க் கதவைத் தட்டுவார். பனிக்காலத்து மலையூரில் அக்கம்பக்கத்து அக்கறை குறைந்துபோனது என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. அக்கறை அப்படியேதான் இருக்கிறது, இடையில் மார்பளவுக்குப் பனி நிற்கிறது.

பனி அகற்றும் ஒப்பந்தத்தை நீங்கள் எழுதுவது கோடை முடிவில். அப்போது பனி யாருக்கும் நினைவில் இருக்காது. போன ஆண்டுத் தாளை எடுத்துத் தேதியை மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றும். இந்த முறை அதில் இரண்டு வரி சேருங்கள். சாலையிலிருந்து வழித்த பனியை நடைபாதையில் குவித்தால் அதை அகற்றுவது குவித்த ஒப்பந்தக்காரர் வேலை என்பது ஒன்று. குறித்த பாதைகள் பள்ளி தொடங்குமுன் நடக்கும் நிலையில் இருந்தால்தான் அன்றைய கூலி என்பது இன்னொன்று. ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்கும்வரை வண்டி நீளமான சாலையைத் தேடித்தான் ஓடும், ஒப்பந்தக்காரரைக் குறை சொல்லி என்ன செய்ய?

கையெழுத்துக்கு முன் ஒரு பொதுக் கூட்டம் வையுங்கள், நானும் வருகிறேன். இரவு ஏழு மணிக்கு வைக்காமல் மதியத்தில் வையுங்கள். நான் இங்கே சொன்ன ஆட்கள் இருட்டியபின் வெளியே வருவதில்லை. அவர்கள் வராத கூட்டத்தில் மறுபடி சாலையைப் பற்றித்தான் பேசுவோம்.

இப்படிக்கு,
குளிர்காலத்திலும் நடந்தே போகிற ஒருவன்